காரைத் தாழ்த்திய பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

கோவை ரேஸ் கோர்ஸைச் சுற்றி வரும்வரை, ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய காரில் ஒரு குறையும் தெரியாது. வாளையார் தாண்டி, கஞ்சிக்கோட்டிலிருந்து ஏதாவது பஞ்சாயத்து ரோட்டுக்குள் திரும்பினால்தான் சத்தம் ஆரம்பிக்கும். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய கதை. ஆடி மழையில் அந்த ரோடுகள் என்ன நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேட்கப்படும் புகார்கள் பலவிதம். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: சக்கரம் மேலேறுவதற்கு இருந்த இடத்தைத் தின்றுவிட்டோம். அதனால் என் கட்சி இதுதான். ஷாக்கை, அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை, முதலில் தேர்ந்தெடுங்கள், ஸ்பிரிங்கை அதற்குப் பொருத்துங்கள், உயரத்தைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். நம் ஊரில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. "நாப்பது மில்லி இறக்கணும்" என்று உயரத்தில் ஆரம்பித்து, கையில் மிச்சமுள்ள காசுக்கு ஷாக் தேடுவார்கள். இன்னும் எதுவும் வாங்காதவர்களும் கீழே உள்ளதைப் படிக்கலாம். எதை வாங்கக்கூடாது என்பது அறிகுறிகளிலேயே தெரிந்துவிடும்.

அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்

தரையிலிருந்து ஃபெண்டர் வரை டேப் பிடித்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் புகுந்து குழப்பும். வீலின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, நான்கு பக்கமும் எழுதி வையுங்கள். அடுத்து, ஷாக் ராடின் தூசி உறையை ஏற்றிவிட்டு ராடில் ஒரு கேபிள் டை இறுக்கி, அதை ஷாக்கின் தலைவரை கீழே தள்ளுங்கள். வழக்கமான ரோட்டில், வழக்கமாக ஏறும் ஆட்களுடன் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ராட் எவ்வளவு உள்ளே போனதோ, அதற்கேற்ற தூரத்துக்கு டை நகர்ந்திருக்கும். ராடின் மேல்பக்கம் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் (கடைசி அடியைத் தாங்கும் ரப்பர்) கீழ் நுனியைத் தாண்டிய உயரத்தில் அது நின்றால், ரப்பர் நசுங்கியிருக்கிறது என்று பொருள். ஐந்து ரூபாய்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் லட்ச ரூபாய்க்குக் காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) வாங்கியவர்கள் உண்டு.

குழியில் இறங்கினால் 'டொம்' என்று அடிக்கிறது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த ஒரு தம்பி இப்படித்தான் ஆரம்பித்தார். "அண்ணா, கோயமுத்தூர்ல ஒண்ணும் இல்லீங்க. அந்தப் பக்கம் போனாத்தான் பின்னாடி அடிக்குது."

"எத்தனை பேர் போனீங்க?"

"நாலு பேருங்ணா. நெல்லியாம்பதிக்கு."

இதில் ரோட்டின் பங்கு பாதிதான். தனியாக ஓட்டும்போது மிச்சமிருந்த இடத்தைப் பின்சீட்டில் ஏறிய இரண்டு பேரும் டிக்கியில் இருந்த பையும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். போத்துண்டியிலிருந்து மலையேறும்போது பின்பக்கம் இன்னும் கொஞ்சம் அமுங்கும். அதற்குமேல் ஒரு குழி வந்தால், ஸ்பிரிங் வேலை செய்வதற்கு முன்பே சக்கரம் ரப்பரில் முட்டுகிறது.

கணக்கைப் பாருங்கள். கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலேற 75 மி.மீ. இடம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 35. ஏறத்தாழ பாதி. அதே குழியின் அடியைப் பாதித் தூரத்துக்குள் ஸ்பிரிங் மட்டுமே விழுங்க வேண்டுமென்றால், அதன் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தோடு போகிறது. கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் நான்கு மடங்கின் அருகில்கூட வராது. பெரும்பாலும் ஒரிஜினலைவிடக் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு விறைப்பு கூட இருக்கும், அவ்வளவுதான். அதற்குமேல் கட்டினால் ஆள் உட்கார முடியாது. மிச்ச அடி முழுவதும் ஷாக் மேலும் பம்ப் ஸ்டாப் மேலும் இறங்குகிறது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, பழைய ஷாக்கை விட்டுவைத்த காரில் ஷாக் சீக்கிரம் எண்ணெய் கசிவதற்கு இதுதான் காரணம்.

என்ன செய்யலாம்? கேபிள் டை ரப்பருக்குள் கொஞ்சமே ஏறியிருந்தால் 10 மி.மீ. உயர்த்துங்கள், சத்தம் நின்றுவிடும். நிறைய ஏறியிருந்தால் உடல் குட்டையான ஷாக் வேண்டும். ஒரே கம்பெனியிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது: பில்ஸ்டைன் பி6 ஒரிஜினல் நீளத்துக்கானது, பி8 தாழ்த்திய காருக்கென்று குட்டையாகச் செய்தது. இறக்கிய காரில் பி6 மாட்டக்கூடாது என்றில்லை. ஆனால் ஐபாக் புரோ-கிட் மாதிரி 25, 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்குக்குப் பி8தான் பொருத்தம். பம்ப் ஸ்டாப்பைப் பாதியாக வெட்டச் சொல்லும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். கிட்டின் கையேட்டில் இத்தனை மில்லி வெட்டு என்று போட்டிருந்தால் ஒழிய கத்தியை எடுக்காதீர்கள். அந்த ரப்பர் இல்லையென்றால் ஷாக்கின் உள்ளே இரும்பும் இரும்பும் மோதும்.

ஸ்பிரிங்கையே வெட்டுவது பற்றி ஒரு பத்தி போதும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும்; அதுவரை சரி. ஆனால் நுனியின் தட்டையான இருக்கை போய்விடும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தைவிட்டு நகரும், பள்ளத்திலிருந்து ஏறும்போது தப்பான இடத்தில் போய் உட்காரும். கேஸ் வெல்டிங் சூடு காட்டி 'உட்கார வைப்பது' இதைவிட மோசம், எஃகின் பதமே கெட்டுவிடும்.

ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு உரசுகிறது

இதை மேலே சொன்ன 'டொம்'மோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உள்ளே அடிப்பது, இது கீழே தேய்ப்பது.

இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. சக்கர இடைவெளி 2.5 மீட்டர் உள்ள கார் அந்த வளைவின்மேல் நிற்கும்போது, இரண்டு அச்சுக்கும் நடுவில் மேடு ஏறுவது ஏறக்குறைய 46 மி.மீ.தான். சக்கர இடைவெளி 2.72 மீட்டர் உள்ள மஸ்டாங்குக்கு 54 மி.மீ. அதாவது தரையிலிருந்து 100 மி.மீ. இருக்கும் காரும் மெதுவாகப் போனால் தொடாமல் தாண்டும். நம்மை உரசுவது அந்த அளவில் போட்ட தடை இல்லை. விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்கள் தார் கொட்டி எழுப்பியதும், பள்ளிக்கூட வாசலில் போல்ட் போட்டு அடித்த ரப்பர் வரிசையும்தான்.

சாய்வாக ஏறினால் பாதிப் பிரச்சினை தீரும். அதுவும் போதாதென்றால் அந்தக் கார் இந்த ரோட்டுக்கு அதிகமாக இறங்கியிருக்கிறது. காற்றில் ஏறி இறங்கும் கப் கிட்டுகள் மூக்கை மட்டும் தூக்கும். விலை கேட்டால் நமக்கு மூக்கில் ரத்தம் வரும்.

நான்கு வழிச் சாலையில் கார் குதித்துக்கொண்டே போகிறது

குதிப்பதில் இரண்டு ரகம் உண்டு, மருந்து நேர் எதிரானது. இங்கேதான் நிறையப் பேர் ஷாக்கின் தவறான ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள்.

பாலத்தின் மூட்டைத் தாண்டியபின் கார் ஒன்றரை, இரண்டு முறை மெல்ல ஆடி அடங்கினால் ஷாக் போதவில்லை. ஸ்பிரிங் விறைப்பு 30 சதவீதம் கூடினால், அதே ஷாக் அதை அடக்கும் விகிதம் ஏறத்தாழ 12 சதவீதம் குறைகிறது. ஷாக் புதிதாக இருந்தாலே இந்தக் கதி. ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஷாக்கென்றால் கேட்க வேண்டாம்.

இன்னொரு ரகம்: அடுத்தடுத்து வரும் சின்ன அலைகளில் முதல் இரண்டு பரவாயில்லை, மூன்றாவது நான்காவதில் கல்லாக அடிக்கிறது. இங்கே ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் விரிவதை ஷாக் தடுக்கும் அளவு, அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறது. அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து பழைய இடத்துக்கு வருவதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது. ஒவ்வொரு அலைக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் ரப்பரில் உட்கார்ந்துவிடும். ஓட்டுகிறவருக்கு 'ஸ்பிரிங் கல்லு மாதிரி' என்று தோன்றும், ஸ்பிரிங்மேல் குற்றமில்லை. ரீபவுண்டை இரண்டு கிளிக் தளர்த்திப் பாருங்கள்.

தளர்த்த ஸ்க்ரூ இருக்கிறதா என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். கேடபிள்யூ கம்பெனியின் காயிலோவர் வரிசையில் வி1-இல் உயரம் மட்டும் மாற்றலாம். வி2-இல் ரீபவுண்டும் மாறும். வி3-இல் அமுக்கமும் (அமுங்குவதைத் தடுக்கும் அளவு) தனியாக மாறும். கோனி கம்பெனியின் மஞ்சள் ஷாக்கில் ரீபவுண்ட் மட்டும். என்னைக் கேட்டால் நம் ரோட்டுக்கு ரீபவுண்ட் மாற்றும் வசதி கட்டாயம், அமுக்கம் மாற்றுவது ஆசைக்கு. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் நாள் முழுக்க ஓட்டப்போகிறவர் வி3 வாங்கட்டும். மற்றவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது ஸ்க்ரூவை ஒரு தடவைகூடத் தொடமாட்டார்கள்.

முன்னும் பின்னும் மாறி மாறி ஆடுவது, அதாவது மூக்கு எழும்பும்போது வால் இறங்குவது, வேறு கேஸ். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து இரண்டும் சேர்ந்து அடங்கும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஓலி கண்ட விதி இது. இன்றைக்கும் கார்கள் இதை ஒட்டித்தான் செய்யப்படுகின்றன. முன்பக்கத்துக்கு மட்டும் விறைப்பான ஸ்பிரிங் போட்டவர்கள், அல்லது இரண்டு கிட்டைக் கலந்து மாட்டியவர்கள், இதைக் கெடுத்திருப்பார்கள். ஒரே கிட்டின் நான்கு ஸ்பிரிங்கையும் மாட்டுங்கள்.

தாழ்த்திய பிறகு வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய்கிறது

கேட்டவுடன் யாரும் நம்பமாட்டார்கள். தாழ்ந்த கார் எப்படி அதிகம் சாயும்? ஆனைகட்டி தாண்டி அட்டப்பாடி வழியாக மன்னார்க்காட்டுக்கு இறங்கும் கொண்டை ஊசிகளில் வைத்துப் பார்த்தால் நம்பிவிடுவார்கள்.

முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும், கீழே ஒரே ஆர்ம் உள்ள அமைப்பு) உள்ள கார்களில் இது வரும். ஆடி டிடி, போலோ, மஸ்டாங் எல்லாம் அந்தக் குடும்பம்தான். சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம், ஒரிஜினல் உயரத்தில் உள்ளிருந்து வெளியே கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். காரை இறக்க இறக்க அது கிடைமட்டமாகி, பிறகு வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளியின் உயரம் இந்த ஆர்மின் சரிவைப் பொறுத்தது. கார் 30 மி.மீ. இறங்கினால் அந்தப் புள்ளி அதைவிட வேகமாக இறங்கி, சில கார்களில் தரைக்குக் கீழேயே போய்விடும். பாரத்தின் மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். நீங்கள் குறைக்க நினைத்த நெம்புகோலை நீட்டிவிட்டீர்கள். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டிவிட்டால், சக்கரம் மேலேறும்போது கேம்பர் (சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வது) கிடைப்பதும் குறைந்து தலைகீழாகிவிடும். சாயும்போது வெளிச்சக்கரம் தன் வெளி ஓரத்தில் நிற்கும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பிவிட்டு எட்டிப் பாருங்கள். ஆர்மின் வெளிமுனையான பால் ஜாயின்ட்டின் நடுப்பகுதி, உள்முனை ரப்பர் புஷ்ஷின் நடுவைவிட மேலே இருக்கிறதா? இருந்தால் இரண்டே வழி. கிடைமட்டத்துக்கு வரும்வரை காரை உயர்த்துங்கள், அல்லது நீளமான பால் ஜாயின்ட்டும் அதற்கு இணையான டை ராட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) எண்டும் சேர்ந்த கிட் போடுங்கள். பால் ஜாயின்ட்டை மட்டும் மாற்றி டை ராடை விட்டுவிட்டால் அடுத்த தொல்லை கதவைத் தட்டும். இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரைத் தடிமனாகப் போட்டுச் சாய்வை அமுக்கலாம்தான். ஆர்மின் கோணம் அப்படியே இருக்கும், ஒரு சக்கரத்துக்கு வந்த அடி இன்னொரு பக்கத்துக்கும் கடத்தப்படும்.

நிசான் 370 இசட் மாதிரி முன்பக்கம் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு ஆர்ம்) உள்ள கார் இவ்வளவு அவதிப்படாது. அங்கே கேம்பர் கூடிக்கொண்டே போகும், தொல்லை டயரில் வரும்.

குழி வந்தால் ஸ்டியரிங் தானாக இழுக்கிறது

டை ராடும் லோயர் ஆர்மும் இரண்டு வட்டங்களில் ஆடுகின்றன. ஒரிஜினல் உயரத்தில் அந்த வட்டங்கள் ஒத்துப்போகும்படி கம்பெனி அமைத்திருக்கும். இறக்கினால் ஒத்துப்போவது நின்று, சக்கரம் மேலேறும்போதே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். ஒரு பக்கக் குழியில் இழுத்தால் இதுதான். சமரோட்டிலும் இழுத்தால் அலைன்மென்ட் அல்லது டயர்.

டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது

எல்லோரும் கேம்பரைத் திட்டுவார்கள். கையால் தடவிப் பாருங்கள். உள் ஓரம் வழுவழுப்பாக, ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் கேம்பர். ஒரு திசையில் தடவினால் மிருதுவாகவும் எதிர்த் திசையில் ரம்பம்போலச் சுரண்டவும் செய்தால் டோ, அதாவது சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. டயரைச் சாகடிப்பதில் டோதான் வேகம்.

முன்சக்கரங்களின் மொத்த டோ வெறும் 3 மி.மீ. விலகியிருக்கட்டும். 600 மி.மீ. விட்டமுள்ள டயரில், அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரையும் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். கோவையிலிருந்து பாலக்காடு போய்ச் சேரும்போது ஒவ்வொரு டயரும் நூறு மீட்டருக்கு மேல் ரோட்டில் தேய்த்து இழுக்கப்பட்டிருக்கும்.

தெருவில் ஓடும் காருக்கு முன் கேம்பர் மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்றரை டிகிரி, டோ பூஜ்யத்தின் அருகில், பின்பக்கம் லேசான டோ-இன் (முன்விளிம்பு சற்று உள்ளே). இதில் டயர் நியாயமாக உழைக்கும். பின்பக்கம் மல்டி-லிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் பிடிக்கும் அமைப்பு) உள்ள காரில் இறக்கியதும் கேம்பர் மைனஸ் இரண்டரைக்கு மேல் போய்விடலாம், ஒரிஜினல் போல்ட்டில் அதைத் திருப்ப இடம் இருக்காது. நீளம் மாற்றக்கூடிய கேம்பர் ஆர்ம் வாங்க வேண்டும். அந்தச் செலவை ஸ்பிரிங் விலையோடு சேர்த்தே கூட்டுங்கள். போலோ மாதிரி பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உத்திரம்) உள்ள காரில் இந்தத் தொல்லையும் இல்லை, திருத்த வழியும் இல்லை.

ஸ்பிரிங் மாட்டிய அன்றே அலைன்மென்ட் செய்வது வீண். சில நூறு கிலோமீட்டரில் உட்கார்ந்தபிறகு செய்யுங்கள். ஆள் தனியாகவே ஓட்டும் கார் என்றால், சீட்டில் அந்த எடையை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். "ரிப்போர்ட் பச்சையா வந்திருச்சுங்க" என்று நீட்டினால், எண்களைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பச்சை ஒரிஜினல் உயரத்துக்கானது.

மெதுவாகப் போகும்போது 'கடக் கடக்'

புது பார்ட்ஸ் போட்ட காரில் இந்தச் சத்தம் வந்தால் பார்ட்ஸைச் சந்தேகப்படுவதற்கு முன் மாட்டிய விதத்தைச் சந்தேகப்படுங்கள்.

லிஃப்ட்டில் கார் ஏறியிருக்கும், சக்கரங்கள் தொங்கும். பையன் இம்பாக்ட் கன்னை எடுத்து லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை 'டர்ர்' என்று இறுக்கிவிடுவான். ஆர்ம் புஷ் என்பது சுழலும் பேரிங் இல்லை. நடுக்குழாயும் வெளிக்கூடும் ரப்பரோடு ஒட்டியவை. ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் ஆர்ம் அசைகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரைக்கு வந்ததும் அந்த ரப்பர் முழு முறுக்கில் நிற்கும், நாள் முழுக்க. தாழ்த்திய காரில் முறுக்கு இன்னும் அதிகம். சில மாதத்தில் நடுக்குழாயைச் சுற்றிப் பிறை வடிவில் கிழிசல் தெரியும். கிழியும்வரை அந்த முறுக்கே காரைத் தூக்கிப் பிடித்திருக்கும் என்பதால் ஒரு பக்கம் 5 மி.மீ. உயரமாகவும் தெரியலாம். 'ஒரு பக்கம் ஏத்தமா இருக்கு' என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நான்கு சக்கரமும் எடையில் நிற்க, பிட்டில் இறங்கி, எல்லா புஷ் போல்ட்டையும் தளர்த்தி, காரை இரண்டு முறை அமுக்கிவிட்டு, டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.

அதில் தீரவில்லையென்றால் ஸ்டெபிலைசர் லிங்க் ராட். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு அதே ரோட்டில் மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் லிங்க்தான்; நீளம் குறைந்த, மாற்றக்கூடிய லிங்க் தேவை. இறங்கிய காரில் பார் சில சமயம் டிரைவ் ஷாஃப்ட்டில் உரசும், அங்கே பளபளப்பான கோடு தெரியும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங் திருப்பும்போது 'டொய்ங்' என்று வந்தால் மேலே விரல் வைத்துப் பாருங்கள்: டாப் மவுண்ட் பேரிங் (ஸ்ட்ரட்டின் உச்சியில் சுழல்வது) சிக்கி, ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு விடுபடுகிறது. சக்கரம் தொங்கிவிட்டு இறங்கும்போது மட்டும் வந்தால் காயிலோவரில் ஸ்பிரிங் தளர்வு. ஜாக்கியில் ஏற்றிக் கையால் சுழற்றினால் ஸ்பிரிங் ஆடும். தளர்வை நிரப்பும் சின்ன ஹெல்பர் ஸ்பிரிங் போடாமல் அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறார்கள்.

திருப்பினால் டயர் உரசுகிறது

முழு லாக்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது உரசினால் உள் லைனர். அதை ஹீட் கன் காட்டி ஒதுக்கலாம். குழியில் மட்டும் உரசினால் ஃபெண்டர் விளிம்பு, காரணம் பெரும்பாலும் வீல். வீலின் ஈடி (ஆஃப்செட்) எண் 45-லிருந்து 35-க்குப் போனால் சக்கரம் ஒரு சென்டிமீட்டர் வெளியே வருகிறது. இதற்குச் ஸ்பிரிங் மாற்றிப் பயனில்லை.

செக்போஸ்ட்டில் நிறுத்துகிறார்கள்

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் ஒரிஜினல் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில்தான் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்துபோன ஷாக்குக்குப் பதில் அதே அளவில் நல்ல ஷாக் போடுவது ஒன்று, தரையில் வயிறு தேய இறக்குவது வேறு. பாலக்காடு பக்கம் இதைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால் கிளெய்மில் தகராறு வரவும் இடமுண்டு. தெரிந்து முடிவெடுங்கள்.

எதிரே வருகிறவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகமாக இறங்கியிருந்தால் ஹெட்லைட் மேலே தூக்கிக்கொள்ளும். தானாக மட்டம் பார்க்கும் செனான், எல்இடி விளக்குள்ள கார்களில் ஆர்மோடு இணைந்த ஒரு சின்னக் கம்பி சென்சார் இருக்கும். காரை இறக்கியதும் அது, பாரம் ஏறியிருக்கிறது என்று தப்பாக எண்ணி விளக்கைத் திருப்பிவிடும். கம்பியை வளைத்துச் சமாளிக்க வேண்டாம். ஸ்கேனரில் புது உயரத்தைப் பூஜ்யமாகப் பதியச் சொல்லுங்கள். சாதா விளக்கென்றால், பாதி டேங்க் பெட்ரோலும் சீட்டில் ஆளுமாக, சமதரையில் சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கின் பின்னுள்ள ஸ்க்ரூவில் ஒளியின் வெட்டுக்கோட்டை விளக்கின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து விடுங்கள்.